விரல் சொல்லாமல் விட்டது

கண்ண மூடிட்டுத்தானுங்க இருக்கறேன், நீங்க குத்துங்க. குத்தியாச்சுங்களா? செரி, தெரியலைன்னு எழுதிக்குங்க. இப்ப வெச்சது பஞ்சுங்களா, ஊசிங்களா? ரெண்டுமே இல்லீங்களா? கையே வெக்காமத்தான் கேட்டீங்களா? நல்ல டாக்டருங்க நீங்க. நோயாளிய ஏமாத்தறதுக்கும் படிப்புல தனி பாடம் இருக்குமாட்ட இருக்குது.

மணிக்கட்டுல தெரியுதுங்க. அது ஊசி. உள்ளங்கையில என்னமோ வெச்சீங்க, என்னன்னு தெரியல. வெரலுக்கு வந்தா சுத்தமா ஒண்ணுமில்லீங்க. காலு ரெண்டு வருஷமாவே இப்படித்தான். போன தைப்பூசத்துக்குக் கோயிலுக்குப் போயிட்டு வர்ற வழியில ஒரு கால் செருப்பு எங்கியோ கழண்டு போச்சு. பஸ் ஸ்டாண்டுல ஒருத்தர் சொல்லித்தான் குனிஞ்சு பாத்தனுங்க. சக்கரைக்கு நீளமான நரம்புதான் மொதல்ல சாயும், அதனால காலு, அப்பறம் கை. அந்த வரிசை எனக்குத் தப்பல.

இல்லீங்க, நான் பத்தாவதோட செரி. படிக்கற கிறுக்கு மட்டும் உண்டுங்க. பதினொரு வருசத்துக்கு முந்தி சக்கரைன்னு சொன்னப்ப, லைப்ரரியில நரம்பப் பத்தி இருந்த புஸ்தகத்த எல்லாம் எடுத்துப் படிச்சுட்டனுங்க. மாத்திர ஒழுங்காத் தின்னனான்னு கேக்காதீங்க. படிச்சதுல கொறை வெக்கல.

தொடறதச் சொல்ற நரம்பு தடிமனா, மேல கொழுப்பு ஒறை போட்டிருக்கும், ஒரு செகண்டுல அம்பது மீட்டர் ஓடும், செரிங்களா? நின்னு வலிக்கற வலியக் கொண்டுவர்ற நரம்புக்கு ஒறை கெடையாது, ஒல்லிக் குச்சி, செகண்டுக்கு ஒரு மீட்டர். பெருவெரல வாசப்படியில இடிச்சா இடிச்சது ஒடனே தெரியும், வலி பொறுமையா நடந்து வரும். எடையில ஒரு மூச்சு நேரம் கெடைக்கும் பாருங்க, அதுல யாரத் திட்டலாம்னு முடிவு பண்ணிக்கலாம். உங்களுக்குத் தெரிஞ்சதுதான், நான் சொன்னா கேக்கறதுக்கு ஊட்டுல ஆளில்லீங்க.

சம்சாரம் இருக்கறாங்க. கலைமகள்னு பேரு. ஒருக்கா பையனோட காம்பஸ எடுத்து ரெண்டு முனையையும் அவங்க முதுகுல வெச்சு, ஒண்ணா ரெண்டான்னு கேட்டனுங்க. ரெண்டு வெரக்கடை தள்ளி வெச்சும் ஒண்ணுன்னுட்டாங்க. வெரல் நுனியில ரெண்டு மில்லிமீட்டர்லயே ரெண்டுன்னு சொல்லிட்டாங்க. புஸ்தகத்துல போட்டது அப்படியே செரி. அப்பறம் காம்பஸ வாங்கி என்ற முதுகுல வெச்சாங்க. கொஞ்சம் அழுத்தியே வெச்சாங்க. அதுலயிருந்து நரம்பப் பத்திப் பேச்செடுத்தா எந்திரிச்சு அடுப்படிக்குப் போயிருவாங்க.

வேலைங்களா? வேலம்பாளையத்துல, கைக்கொழந்தைகளுக்குத் துணி தைக்கற கம்பெனி. நான் குவாலிட்டி இன்சார்ஜ், இருபத்தாறு வருஷமா. யோசிச்சுப் பாத்தா எங்க ஊரு தொழிலே வேடிக்கைங்க. பனியனப் போட்ட ரெண்டாவது நிமிஷம் ஒடம்பு அத மறந்துரும், தோலு சேதி அனுப்பறத நிறுத்திப்போடும். மறந்து போற ஒண்ணத்தான் ஊரே ஒக்காந்து தைக்குது.

என்ற கைக்கு ஒரு பேரு இருந்துதுங்க. துணிய ரெண்டு வெரல்ல புடிச்சு இது சதுர மீட்டருக்கு நூத்தி நாப்பது கிராம், இது நூத்தி அறுவதுன்னு சொல்லுவேன். அப்பறம் வெட்டித் தராசுல வெச்சா அஞ்சு கிராம்கூட முன்னப்பின்ன இருக்காது. சாயப்பட்டறைக்காரங்க என்னையக் கண்டா ரோலை ஒளிச்சு வெப்பாங்க. இப்ப எட்டு மாசமாத் தராசுச் சீட்ட ஓரக்கண்ணுல பாத்துக்கிட்டுத்தான் துணியத் தொடறேன். யாருக்கும் தெரியாது. கண்ண மூடிக்கிட்டு வேற தொடுவேன், அப்பத்தான் நம்புவாங்க.

ஆமாங்க, அது காலைல உங்க ஆஸ்பத்திரியில எடுத்த எக்ஸ்ரேதான். வெரல் நுனியில கருப்பாப் புள்ளி இருக்குதுன்னு சின்ன டாக்டரு எடுக்கச் சொன்னாரு. வெளிச்சத்துல காட்டுங்க. அந்த வெள்ளக் கோடுங்களா, அரிசி நொய்யாட்ட இருக்கறது? இரும்புதானுங்க. ஓவர்லாக் மிஷின் ஊசியோட முனை.

எப்படிங்களா? சொல்றனுங்க. எங்க கம்பெனியில ஊசி ஒடஞ்சா அந்த லைனே நின்னுரும். ஒடஞ்ச துண்டு பூராத்தையும் தேடி எடுத்து, முழு ஊசியாச் சேத்து, டேப்புல ஒட்டி நோட்டுல வெக்கோணும். ஒரு துண்டு கொறஞ்சாலும் வெளிநாட்டுக்காரன் சரக்கத் தொடமாட்டான். பச்சக் கொழந்தை போடறதில்லீங்களா, செரிதானுங்களே. போன வாரம் ஒரு நாள் ஒடஞ்சது விஜயராணி மிஷின்ல. கோயில்பட்டிப் பக்கத்துப் பொண்ணு, புருசன் இல்ல, ரெண்டு கொழந்தைகளோட இங்க வந்து ஆறு வருஷம். ஒடனே கையத் தூக்கிச்சு, மொறைப்படி. மூணு துண்டு கெடைச்சுது. முனை மட்டும் காணோம்.

அதுக்குக் காந்தம் இருக்குதுங்க. கயித்துல கட்டி மிஷினுக்குப் பக்கத்துலயே தொங்கும். எடுத்து ஓட்டுனா முடிஞ்சுது. சூப்பர்வைசர் பிரபாகர் காந்தத்த நீட்டறாரு, நான் வேண்டாம்னு சொல்லிட்டனுங்க. காந்தத்துக்குத் தப்பறது என்ற கைக்குத் தப்பாதுன்னு, தெச்சு அடுக்கி வெச்ச கட்டுல வெறுங்கைய அழுத்தித் தடவுனேன். ஒவ்வொரு துணியா, மடிப்புக்குள்ள உட்டு. லைனே நின்னு பாக்குது. எட்டு மாசமா நடிச்சு நடிச்சு, எனக்கே அந்தக் கை பழசாட்டம் இருக்குதுன்னு நெனப்பு.

வெரல் கண்டுபுடிச்சிருச்சுங்க. எங்கிட்டச் சொல்லல, அவ்வளவுதான்.

ரத்தங்களா? ஒரு சொட்டுகூட வரல. வந்திருந்தாத் துணியில பட்டிருக்கும், எல்லாரும் பாத்திருப்பாங்க. அப்பறம் அந்தக் கட்டு பூராத்தையும் ஊசி புடிக்கற மிஷின்ல ஓட்டுனாங்க. பெல்ட்டுல துணி போகும், இரும்பு இருந்தா நின்னு கத்தும். ஒண்ணுமே கத்தல. அப்ப ஆபீஸ்ல என்ன சொன்னாங்கன்னா, துணியிலயும் இல்ல, கீழயும் இல்ல, அப்ப விஜயராணிதான் பயந்துக்கிட்டு எங்கியோ வீசியிருக்குதுன்னுட்டாங்க. அண்ணாச்சி, நான் தொடவேயில்ல, நீங்களாவது சொல்லுங்கன்னு என்ற மூஞ்சியப் பாத்துச்சு. நான் நோட்டுல முனை கெடைக்கலைன்னு எழுதுனேன். உள்ளதத்தானுங்க எழுதுனேன், அந்த நேரத்துக்கு.

வேலைய உட்டு நிறுத்திட்டாங்க. பக்கத்துக் கம்பெனிகளுக்கும் சொல்லி உட்டுட்டாங்க, ஊசிய மறைக்கற பொம்பளைன்னு. எங்க போய்க் கேட்டும் எடுக்கல. கொழந்தைகளுக்கு டிசி வாங்கியாச்சாம், நாளைக்குக் காலைல ஊருக்குப் போறாங்கன்னு நேத்து பிரபாகர் சொன்னாரு.

எனக்கு என்ன தோணுச்சுங்களா? நீங்க இப்ப உள்ளங்கையில வெச்சீங்க பாருங்க, அந்த மாதிரிங்க. என்னமோ வெச்சாங்கன்னு தெரியுது, என்னன்னு தெரியல.

உங்ககிட்ட ஒரு சீட்டுத்தான் வேணுமுங்க. வெரல்ல ஊசி முனை இருக்குது, இந்த ஆளுக்கு வெரல்ல உணர்வு இல்லைன்னு ரெண்டையும் எழுதுங்க. மொதலாவது இருந்தா அந்தப் பொண்ணு உள்ள வந்துரும், ரெண்டாவது இருந்தா நான் வெளிய போயிருவேன். தெரியுமுங்க. சாயங்காலம் ஆபீஸ் மூடறதுக்கு முன்னாடி கொண்டு போய்க் குடுக்கோணும். முனைய நாளைக்குக்கூட எடுத்துக்கலாம், அது எங்கியும் போகாது. எழுதுங்க கண்ணு.

குத்துன தேதிங்களா? ஒம்பது நாள் முந்தி, போன வாரம் புதங்கெழமை. இல்லீங்க, எப்பத் தெரிஞ்சுதுங்கற எடத்துல இன்னிக்குத் தேதியப் போடாதீங்க. அதுக்கும் அதே புதங்கெழமைதான். அந்தப் பொண்ணு பைய எடுத்துட்டுப் போய் கா மணி நேரம் இருக்கும், எல்லாரும் டீக்கு எந்திரிச்சுட்டாங்க. துணியில்லாம வெறுங்கைய அந்தப் பெல்ட்டுல வெச்சுப் பாத்தனுங்க. நின்னு கத்துச்சு. சுவிட்ச அமத்திட்டு நானும் டீ குடிக்கப் போயிட்டனுங்க.