புள்ளி ஒன்று

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமையேற்றிருக்கும் இயக்குநர் அவர்களே, மேடையிலும் அரங்கிலும் கனத்த மனத்தோடு அமர்ந்திருக்கும் பெரியோர்களே, முதல் வரிசையில் இருக்கும், மறைந்த நம் அம்மையாரின் கணவரே, வணக்கம்.

நம் மக்கள்தொகை அலுவலகத்தில் பெரும்புள்ளிகள் பலர் உண்டு. புள்ளியம்மா ஒருவர்தான்! தலைமைப் புள்ளியியலாளராக இருந்தவருக்கு அந்தப் பட்டப்பெயரை வைத்த வாயாடி நான்தான்.

ஒருமுறை, நெரிசலான பேருந்தில் கம்பியைப் பிடித்துத் தொங்கியபடி, "ஜனத்தொகை குறையப் போகுதுன்னு சொல்றீங்களேம்மா, இங்க கால் வைக்க இடமில்லையே!" என்று கிண்டலடித்தேன்.

"ஏறினவங்க இன்னும் இறங்கலப்பா, அதான் கூட்டம். புதுசா எத்தனை பேர் ஏறுறாங்கன்னு பாரு" என்றார்.

மக்கள்தொகை பெருகிக்கொண்டிருக்கும்போதே பிறப்பு குறைந்துபோயிருக்கும் என்பதை இதைவிட எளிதாக யார் சொல்ல முடியும்? அன்று முதல், நிரம்பி வழியும் தெருக்களில் நான் குழந்தைகளை எண்ணத் தொடங்கிவிட்டேன்.

ஒரு பெண்ணுக்குச் சராசரியாக இரண்டு புள்ளி ஒன்று பிள்ளைகள் பிறந்தால்தான் தலைமுறைகள் தேயாமல் நிற்கும். நம் அலுவலகம் வெளியிடும் கையேட்டுக்காக அதை 'இரண்டு' என்று சுருக்கச் சொன்னார்கள் மேலிடத்தில். "புள்ளி ஒரு பிள்ளையை யாரும்மா பெத்தது?" என்று நானும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"அம்மாவாகிற வயசு வரைக்கும் எல்லாப் பொண்ணுங்களும் இருந்துடறதில்லப்பா. அவங்களையும் சேர்த்துத்தான் அந்தப் புள்ளி ஒண்ணு. என் மக அதுலதான் இருக்கா. அழிச்சிடாதீங்க."

அன்று அந்த எண்ணை யாரும் தொடவில்லை. காய்ச்சலில் போன மகளைப் பற்றி அவர் வாய் திறந்தது அன்று ஒருநாள்தான். பள்ளி விட்டதும் பிள்ளைகள் ஓடிவருவதை நாம் பார்க்கிறோம். அவர்களுக்கு நடுவே, வராத பிள்ளைகளையும் அல்லவா அந்தத் தாய் பார்த்துக்கொண்டிருந்தார்! இப்போது நானும் பார்க்கிறேன். கண்ணை மூடினாலும் அவர்கள் போவதில்லை. பயமாக இருக்கிறது, நண்பர்களே.

அவர் மறைந்த வாரமே, கையேட்டின் புதிய பதிப்பில் அந்தப் புள்ளியை எடுத்துவிட்டார்கள். இன்னும் அச்சுக்குப் போகவில்லை. என் மேசையில்தான் இருக்கிறது. சற்றுமுன் வாசலில் அவர் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தப் புள்ளி இன்னும் இருக்குதா தம்பி?" என்று கேட்டார். பதில் சொல்லாமல் உள்ளே வந்துவிட்டேன்.

இயக்குநர் அவர்களே, பொறுத்தருள வேண்டும். இந்தச் சபையறியச் சொல்கிறேன்: நானும் என் சக ஊழியர்களும் பணியில் இருக்கும்வரை அந்த எண்ணில் யாரும் கைவைக்க முடியாது.

ஐயா, உங்கள் மகள் இருக்கிறாள்.