புகை விடாத என்ஜின்

ஸ்டேஷன் வாசலில் நிற்கிற உங்கள் ஜீப்பின் முன்டயர் உள்பக்கமாகவே தேய்ந்திருக்கிறது, சார். அலைன்மென்ட் போய்ப் பல மாதம் ஆகியிருக்கும். ஓட்டுகிறவர் கவனித்திருக்க மாட்டார். இந்த ஊரில் ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டாலே ஓட்டத் தெரிந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள்.

என் பெயர் கிறிஸ்டோபர். ஐயம்பேட்டையில் மெயின் ரோட்டை ஒட்டி டீசல் வொர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். என்னை யாரும் பிடித்து வரவில்லை, நானாக வந்தேன். கலைவாணனின் பிக்கப் நெசவாளர் தெருவுக்குள் புகுந்ததற்கு உங்கள் வாகன ஆய்வாளர் ஒரு காரணம் சொல்லியிருக்கிறார். அது தவறு. அதைத் திருத்திவிட்டுப் போகலாம் என்று வந்தேன்.

கலைவாணனை உங்களுக்குத் தெரியும். அவன் அப்பா தர்மன் நெல் விளைந்த நிலத்தை மனை போட்டு விற்றவர், இப்போது கட்சியில் இருக்கிறார். பையன் புது பிக்கப்பை வாங்கிய கையோடு என் ஷெட்டில் கொண்டுவந்து நிறுத்தினான். பின்னால் ஒரு குடும்பமே படுத்துத் தூங்கலாம், அவ்வளவு பெரிய தொட்டி. அதில் ஒரு நெல் மூட்டைகூட ஏறப்போவதில்லை என்பது அவன் செருப்பைப் பார்த்தாலே தெரிந்தது.

"அண்ணா, நம்ம வண்டி பெரிய காஞ்சிபுரத்துல திரும்புனா, சத்தத்துலயே அவனவன் ஒதுங்கணும்ணா," என்றான்.

எனக்கு அவன் மேல் மரியாதை வரவில்லை. வண்டி மேல் ஆசை வந்தது. கோடை முழுவதும் வேறு வேலை எடுக்காமல் அதையே செய்தேன். பெரிய டர்போ வைத்தேன். இன்ஜெக்டரை மாற்றினேன். அந்த இழுப்பைத் தாங்கும் கிளட்ச் இங்கே கிடைக்காததால் கோயம்புத்தூரில் சொல்லிச் செய்வித்தேன். கம்ப்யூட்டரில் எரிபொருள் கணக்கைத் திரும்பத் திரும்பத் திருத்தினேன். முடித்தபிறகு ஒரு காலையில் வாலாஜாபாத் ரோட்டில் நானே எடுத்துப் போனேன். கால் வைத்த இடத்தில் வண்டி எழுந்தது. கண்ணாடியில் பின்னால் பார்த்தேன், துளிப் புகை இல்லை. அவ்வளவு சக்தியையும் சுத்தமாக எரிக்கிற ஒரு என்ஜினை இந்த மாவட்டத்தில் வேறு யாரும் செய்ததில்லை. செய்யவும் போவதில்லை.

அதை அவனிடம் கொடுத்தேன். அவனுக்குத் திருப்தியில்லை.

"இன்னாண்ணா, புகையே வரல. வீடியோவுல பாத்தியா, எப்டி கறுப்பா அடிக்குது? பஸ் ஸ்டாப்புல நிக்கிறவன் மூஞ்சி கறுக்கணும்ணா."

புகை என்பது எரியாத டீசல் என்று சொன்னேன். வேலை தெரியாதவன் கைதான் புகை விடும் என்றும் சொன்னேன். அவன் சிரித்தான். பிறகு சென்னையில் எவனிடமோ கொண்டுபோய் என் கணக்கை அழித்து, டீசலைக் கண்டபடி ஊற்றும்படி மாற்றிக்கொண்டு வந்தான். பஸ் ஸ்டாப்பிலும் பள்ளிக்கூட வாசலிலும் புகையடித்தான். அப்புறம் நெசவாளர் தெருவுக்குப் போனான். அங்கே காலையில் தறியில் ஏற்றப்போகும் பட்டு நூலைப் பாவாகத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிக் கஞ்சி தடவுவார்கள், பார்த்திருப்பீர்கள். கிருஷ்ணவேணி என்கிற அம்மாளின் பாவு, முகூர்த்தப் புடவைக்கானது, சந்தன நிறம். அடுப்புக் கரி தடவியதுபோல் ஆகிவிட்டது.

அந்த அம்மாள் போலீசில் புகார் கொடுத்ததோடு நிற்கவில்லை. ஷேர் ஆட்டோ பிடித்து என் ஷெட்டுக்கும் வந்தார். நான் மரியாதையாக ஸ்டூல் போட்டேன். உட்காரவில்லை.

"நீ செஞ்சு குடுத்த வண்டிதானேப்பா அது?"

"வண்டி நான் செஞ்சதும்மா. புகை நான் வெச்சது இல்ல."

"என்ஜின் ஒழுங்கா இருந்தா ஏன்பா கக்குது? எங்க ஊட்டுத் தண்ணி மோட்டார்கூட இப்டிக் கக்காது."

நான் விளக்க ஆரம்பித்தேன். அவர் கேட்கவில்லை. ஷெட்டில் இருந்தவர்கள் எதிரில் இன்னொரு முறை தண்ணீர் மோட்டார் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் மேல் எனக்குக் கோபம் கிடையாது. பட்டு தெரிந்தவருக்கு டீசல் தெரிய வேண்டும் என்று எதிர்பார்க்கக் கூடாது. அவருக்கு நடந்தது அநியாயம், யாராவது கேட்டாக வேண்டும் என்றுதான் நினைத்தேன். அவருக்காக நானே கேட்கப்போகிறேன் என்றுகூட என் மனைவி எஸ்தரிடம் சொன்னேன்.

அடுத்த வாரம் கலைவாணன் ஆயில் மாற்ற வந்தான். வண்டியை என்னிடம் விட்டுவிட்டு டீ குடிக்கப் போனான். பிரேக்கில் நான் ஒரு வேலை செய்தேன். மெதுவாக மிதித்தால் பிடிக்கும். வேகத்தில் ஓங்கி மிதித்தால் கால் தரைவரை போகும். எப்படி என்று கேட்காதீர்கள், சொன்னாலும் உங்களுக்குப் புரியாது.

பைபாஸில் தனியாகப் போவான், பாலத்துச் சுவரில் மோதுவான் என்று நினைத்ததாக இரண்டு நாளாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். இங்கே அப்படிச் சொன்னால் அது பொய். சாவியைக் கொடுக்கும்போது, எங்கேப்பா போகிறாய் என்று கேட்டேன்.

"அந்தத் தெருவுக்குத்தான்ணா. அந்த அக்கா ஸ்டேஷன்ல போய்ச் சொல்லிக்கினு இருக்குது இல்ல, இன்னொரு தபா அடிச்சிட்டு வரேன். இப்ப பாவு போட்டுக்கினு இருக்கும்."

எனக்குக் காது நன்றாகக் கேட்கும். சாவி அப்போதும் என் கையில்தான் இருந்தது. கொடுத்தேன்.

மத்தியானம் எஸ்தர் செய்தி கேட்டு ஓடிவந்தாள். "அந்த நெசவுக்கார அக்கா போயிடுச்சாம்ங்க. பாவோட சேத்து வண்டி இழுத்துக்கினு போயிடுச்சாம். அந்தப் பையனுக்கு இடுப்பு போச்சாம்," என்று அழுதாள்.

"வண்டி என்ன ஆச்சு?" என்று கேட்டேன்.

எஸ்தர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் ஏதோ கேட்கக்கூடாததைக் கேட்டதுபோல. சாயங்காலம் துணியை எடுத்துக்கொண்டு வாலாஜாபாத்தில் இருக்கும் அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அவளுக்கும் வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது.

மறுநாள் ஊரெல்லாம் ஒரே பேச்சு. வாகன ஆய்வாளர் குனிந்து பார்த்துவிட்டு, கண்டபடி வேலை செய்த வண்டி, அதனால் இயந்திரக் கோளாறு என்று சொல்லிவிட்டாராம். டீக்கடையில் என் முகத்துக்கு நேரே சொன்னார்கள். கிறிஸ்டோபர் கைவைத்தது, அதுதான் கழன்றுகொண்டது என்று சிரித்தார்கள். கலைவாணனைக் காப்பாற்ற நான் இங்கே வரவில்லை, அவன் உள்ளே இருந்தாலும் வெளியே இருந்தாலும் எனக்கு ஒன்றுதான். இதைச் சொல்லத்தான் வந்தேன்: நான் செய்ததில் எதுவும் கழன்றுகொள்ளவில்லை. பிரேக் எப்போது விட வேண்டும் என்று நினைத்தேனோ அப்போது விட்டது. கிருஷ்ணவேணி அங்கே நிற்பார் என்று தெரியும். தெரிந்துதான் அனுப்பினேன். நான்தான் கொன்றேன். கோளாறு என்று எழுதியதை அடித்துவிட்டு இதை எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிரேக் இல்லாவிட்டால் என்ன, கியரைக் குறைத்தே அந்த வண்டியை அடக்கலாம். ஓட்டத் தெரியாதவன் கையில் அந்த அம்மாளின் உயிர் போய்விட்டது. நான் ஓட்டியிருந்தால், பாவுக்கு ஒரு முழம் முன்னால் நிறுத்தியிருப்பேன்.