டிக்கிக்கு வைத்த ரெக்கை

பரமத்தி வேலூரிலிருந்து நாமக்கல் போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் ஒரு புருசன் பெண்டாட்டி. அவர் தாடையில் பிளாஸ்திரி.

“காரு டிக்கிக்கு ரெக்கை வெச்சீங்களே, பறந்துச்சுங்களா?” என்றாள் அந்தம்மா.

“அது ஸ்பாய்லர், அழகுக்கு வெச்சது புள்ள.”

“சீர்த்தட்டு எடுக்கக் குனிஞ்ச எங்கண்ணன் பொடனில டிக்கி மூடி உழுந்துச்சே, அதுவும் அழகுங்களா? தாய்மாமன் வராம நம்ம பொண்ணுக்கு எப்படிக் கல்யாணம்? இப்பப் போயிக் கால்ல உழுகோணும்.”

“ரெக்கை கனத்துக்கு ஸ்பிரிங் தாங்கலை. ஸ்பிரிங்க ஒரு பல்லு தள்ளி இறுக்கி மாட்டச் சொன்னான் மெக்கானிக்கு. நான் இன்னும் இறுக்கமா இருக்கட்டும்னு கடைசிப் பல்லுலயே மாட்டிட்டேன்.”

“அதான் சாவி போட்டதும் மூடி துள்ளி எந்திரிச்சு உங்க தாடையப் பேத்துருச்சு.”

“மச்சான் கேட்டா, கதவு இடிச்சுருச்சுன்னு சொல்லு.”

“நல்லாச் சொன்னீங்க. பிளாஸ்திரியப் பிச்சுட்டு வாங்க. காயத்தப் பாத்துச் சிரிச்சாத்தான் எங்கண்ணன் கோவம் தீந்து கல்யாணத்துக்கு வருவாரு.”

நாமக்கல் வருவதற்குள் அவர் பிளாஸ்திரியைப் பிய்த்துவிட்டார்.