வீட்டுக்காரங்க வந்திருக்காங்க

— மெதுவாப் பேசு, முன்னறையில அந்தம்மாவுக்குக் கேட்டுடும். டீ போட்டாச்சுல்ல? கொண்டு போய்க் குடுக்க வேண்டியதுதானே?

— எதுலங்க குடுக்கிறது? இந்தப் பூப்போட்ட கப்பு அவங்களுது. தட்டு அவங்களுது. டீ கொதிச்ச பாத்திரமே அவங்களுது!

— நம்மளுதுன்னு ஒரு டம்ளர்கூடவா இல்ல?

— இந்த வீட்டுக்கு வந்தப்ப நம்ம கையில என்ன இருந்துச்சு? ஒரு பெட்டி, ரெண்டு போர்வை. "எல்லாம் உள்ளயே இருக்கு, ஒண்ணும் வாங்க வேணாம்"னு துள்ளினது யாரு? நானா?

— அதாவது, இது அரசாங்கம் நமக்கு ஒதுக்கின வீடு. நாம ஒண்ணும் பூட்டை உடைச்சிட்டு வரல.

— ஆமா ஆமா. அதை அவங்க முகத்தைப் பாத்துச் சொல்லுங்களேன். "இந்த வீட்டுல நான் குடியிருந்தேன்"னு அவங்க சொன்னதும் இந்தச் சமையலறைக்குள்ள வந்து ஒளிஞ்சீங்களே, பெரிய சரித்திர வாத்தியார்!

— எல்லையைத் திறந்து முழுசா ஒரு மாசம் ஆகல. அதுக்குள்ள வந்து நிப்பாங்கன்னு யாரு கண்டா?

— பேச்சும் நம்ம பேச்சாவே இருக்குங்க. வேற பாஷை பேசினாலாவது புரியாத மாதிரி இருந்துடலாம்.

— ஏதாவது கேட்டாங்களா?

— கேட்டா பரவாயில்லையே. சுவரைச் சுவரைப் பாத்துட்டு சும்மா உக்காந்திருக்காங்க. எனக்குக் கூசிப்போகுது. நான் போய் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுடறேன்.

— கெட்டுது குடி! மன்னிப்புக் கேட்டா தப்பை ஒத்துக்கிட்டதா ஆயிடும். நாளைக்கு கோர்ட்டுக்குப் போவாங்க. பொண்ணைக் கூட்டிட்டு நாம எங்க போறது? இங்க பாரு, இந்த ஊர் ஆதியில நம்ம நாட்டோடதுதான். அதாவது, சண்டை ஆரம்பிச்சதும் அவங்க நாட்டு ஆளுங்க ஆத்தைத் தாண்டி வந்து புடிச்சாங்க. பல வருஷம் கழிச்சு நாம மீட்டோம். பாடத்துலயே "மீட்பு"ன்னுதான் இருக்கு.

— அந்தப் பல வருஷம் இங்க சமைச்சு, புள்ள பெத்து, குடித்தனம் நடத்தினவங்களைப் பத்திப் பாடத்துல என்ன இருக்கு?

— அது பரீட்சைக்கு வராது.

— நல்லாருக்கு உங்க சரித்திரம். நாம உள்ள நுழைஞ்சப்ப கொடியில துணி காய்ஞ்சிட்டு இருந்துச்சு, ஞாபகம் இருக்கா? சின்னச் சின்ன கவுனு. அதை எடுத்து நம்ம பாப்பாவுக்குப் போட்டேன். "தைச்சு வாங்கின மாதிரி இருக்கே"ன்னு சிரிச்சீங்க.

— இப்ப எதுக்கு அதெல்லாம்?

— அன்னிக்கு நானும் சிரிச்சேங்க. அதான்.

— ஷ்ஷ்... வர்றாங்க! அந்தக் கப்பை இப்படிக் குடு.

— தப்பா எடுத்துக்காதீங்கம்மா. கூப்பிடாம சமையலறை வரைக்கும் வந்துட்டேன். பழகின கால், தானா வருது.

— அய்யோ, வாங்கம்மா, வாங்க. டீ ஆறிப்போச்சு... வேற போடறேன்.

— டீ கிடக்கட்டும். சார், அந்தக் கப்பை ஏன் முதுகுக்குப் பின்னால மறைக்கிறீங்க?

— அது... அதாவது...

— அம்மா, நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.

— இருங்கம்மா, நான் முதல்ல சொல்லிடறேன். விட்டா தைரியம் போயிடும். இந்த ஊரை எங்காளுங்க புடிச்சப்ப, இந்த வீட்டுல எங்களைக் குடிவச்சாங்க. உள்ள வந்தா அலமாரி நிறைய கப்பு, பாத்திரம். அடுப்புல சூடுகூட ஆறல. யாரு வீடு, எங்க போனாங்கன்னு நாங்க ஒரு வார்த்தை விசாரிக்கல. கிடைச்சுதேன்னு இருந்துட்டோம். உங்க கப்புலதான் குடிச்சோம், உங்க கட்டில்லதான் படுத்தோம். நினைக்கிறப்பல்லாம் உடம்பு கூசும். எல்லை தாண்டி வர பாஸ் குடுக்க ஆரம்பிச்சதும் முதல் ஆளாப் போய் வரிசையில நின்னேன். வீட்டுக்காரங்க உயிரோட திரும்பி வந்திருக்கணுமேன்னு வழியெல்லாம் வேண்டிக்கிட்டே வந்தேன். வந்துட்டீங்க. அது போதும். எங்களை மன்னிச்சிடுங்கம்மா.

— என்னங்க, இவங்க தேடி வந்தது நம்மளை... நீங்களே சொல்லிடுங்க.

— நீ பேசாம இரு. அழாதீங்கம்மா, கண்ணைத் துடைங்க. அதையெல்லாம் நாங்க எப்பவோ மன்னிச்சிட்டோம்.