ஓரத்து நாற்காலி

உச்சி வெயில். குமராட்சியிலிருந்து சிதம்பரம் போகிற ரோடு... ஈ காக்கா இல்லை. ராத்திரி இல்லையா என்று கேட்காதீர்கள். ராத்திரி என்றால் கண் ஏமாற்றியது என்று சொல்லித் தப்பிக்கலாம்.

நடந்தது என் சிநேகிதன் பாலகுமாரின் மச்சான் அன்பரசுவுக்கு. மஞ்சக்குப்பத்து ஆள். சென்னையில் ஒரு பெரிய ஆர்க்கெஸ்ட்ராவில் வயலின். அங்கே இரண்டு பேருக்கு ஒரே ஸ்டாண்டு, ஒரே நோட்ஸ். கேட்க வந்த ஜனங்கள் பக்கம் ஓரத்து நாற்காலியில் குமராட்சி மணவாளன், உள் நாற்காலியில் இவன். பக்கம் முடிந்தால் உள்ளே இருப்பவன் வாசிப்பை நிறுத்திவிட்டுப் புரட்ட வேண்டும். ஓரத்து ஆள் நிறுத்தவே கூடாது. மதிப்பும் அந்த நாற்காலிக்குத்தான் ஜாஸ்தி. அன்பரசுவுக்கு அதன்மேல் வெகுநாளாக ஒரு கண்.

மணவாளன் கொள்ளிடக்கரையில் பைக்கோடு விழுந்து போய்ச் சேர்ந்தார். காரியத்துக்குப் போன அன்பரசு நன்றாகவே அழுதான். ஆனால் மனசு முழுக்க ஞாயிற்றுக்கிழமைதான். அன்றைக்கு ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து வாசித்துக் காட்ட வேண்டும். தேறினால் நாற்காலி அவனுக்கு.

காரியம் முடிந்து திரும்பும்போது மினி பஸ் வரவில்லை. நிழற்குடையில் அவன் மட்டும். சும்மா இருப்பானேன் என்று, கையோடு கொண்டுவந்திருந்த வயலினை எடுத்தான். நோட்ஸை சிமெண்டுத் திட்டில் சாய்த்து வைத்து வாசித்தான். காய்ந்த வைக்கோல் வாசனை... நடுவில் லேசாகக் கிராம்பு வாசனை. மணவாளன் எந்நேரமும் கிராம்பை வாயில் அடக்கியிருப்பார். ஆனாலும் அன்பரசு நிறுத்தவில்லை.

பக்கம் முடிந்தது. பழக்க தோஷம்... கை தானாக வில்லை இறக்கியது. தாளைப் புரட்டினான்.

வயலின் நிற்கவில்லை.

அதே ராகம், அதே வேகம். வலது பக்கத்திலிருந்து. மணவாளன் எப்போதும் உட்கார்ந்த பக்கம்... அன்பரசு வயலினைப் பெட்டியில்கூட வைக்கவில்லை. சிதம்பரம் திசையில் ஒரே ஓட்டம்.

ஞாயிற்றுக்கிழமை ஹாலுக்கு எல்லாருக்கும் முன்னால் போனான். ஓரத்து நாற்காலியில் தன் கர்ச்சீப்பை விரித்துப் போட்டான். உள் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டான். வயலின் பிரிவுக்குத் தலைவர் லூர்துசாமி வந்தார்.

"யோவ், ஓரத்துல உக்காருய்யா. இன்னைக்கி ஒனக்குத்தான அந்த சீட்டு?"

"வேணாம் சார். ஆள் இருக்கு."

"இது இன்னா, ஒங்க ஊரு மினி பஸ்ஸா? கர்ச்சீப் போட்டு எடம் புடிக்கிற?"

அவர் சிரித்துக்கொண்டே கர்ச்சீப்பை எடுத்தார். அந்த நாற்காலியில் தானே உட்கார்ந்தார். உடனே எழுந்துவிட்டார். இன்னும் வேறு யாரும் வராத ஏ.சி. ஹால். மற்ற நாற்காலிகளெல்லாம் ஜில்லென்று கிடந்தன. அது மட்டும் சூடாக இருந்தது... யாரோ வெகுநேரம் உட்கார்ந்துவிட்டு இப்போதுதான் எழுந்ததுபோல.

லூர்துசாமி கர்ச்சீப்பை மறுபடியும் அதே நாற்காலியில் விரித்தார். ஓரங்களை இழுத்துச் சரி செய்துவிட்டுப் போனார்.