பனிக்குள் ஒரு கைதட்டல்

நடுவட்டம் தாண்டியதும் பஸ்ஸைப் பனி மூடிக்கொண்டது. முன் சீட்டில் மைக் செட் பெட்டியை மடியில் வைத்திருந்தவர், பக்கத்தில் இருந்த ஸ்வெட்டர்காரரிடம் சொன்னார்:

“இந்த மாதிரி பனிகிட்டத்தானுங்க ஒருத்தரு ஓட்டுக் கேட்டாரு.”

“யாருங்க?”

“இந்து தேசம் வேணும்னு வாரப் பத்திரிகை நடத்துனாருங்களே, அப்புறம் எலெக்‌ஷன்ல நின்னாரே, அவருதான். எதிர்ல யாரு இருக்காங்கன்னே தெரியல. கோயிலு, தேசம்னு கண்ண மூடிட்டுப் பேசுனாரு. முடிக்கறப்ப ஒரே ஒரு கைதட்டல் கேட்டுச்சு.”

ஸ்வெட்டர்காரர் ஜன்னல் கண்ணாடியைத் துடைத்தார். வெளியே வெள்ளையாகத்தான் இருந்தது.

“ஊர்ல நடக்கற கூட்டத்துக்கெல்லாம் ‘அலைகடலெனத் திரண்டனர்’னு எழுதுன மனுசன். ‘யாருப்பா தட்டுனது?’ன்னு ஆசையாக் கேட்டாரு. மைக் போட்டிருந்த நான், மேடைத் தார்ப்பாய் காத்துல அடிக்குதுங்கன்னேன். சிரிச்சாரு. அதோட அரசியலே வேண்டாம்னு பத்திரிகைக்கே திரும்பிட்டாரு.”

பஸ் ஒரு வளைவில் மெல்லத் திரும்பியது.

“தார்ப்பாய் இல்லைங்க” என்றார் ஸ்வெட்டர்காரர். “தேயிலைச் செடிகளுக்குள்ள நான் நின்னுட்டிருந்தேன். எங்க யூனியன் அவருக்கு எதிர்க்கட்சிங்க. பனியில யாரு பாக்கப் போறாங்கன்னுதான் தட்டுனேன்.”