பிரிண்டருக்கு மட்டும் தெரிந்த சேதி

"நான் வேலைய விட்டுப் போறது பிரிண்டருக்கு மட்டும்தான் தெரியும்" என்றாள் எனக்கு முன்சீட்டில் இருந்தவள். போளூரிலிருந்து ஆரணிக்கு வரும் காலைப் பேருந்து. பட்டுக்கடை ஆபீசில் வேலை என்பது பேச்சில் தெரிந்தது.

"என்னாடி சொல்ற?" என்றாள் பக்கத்தில் இருந்த தோழி.

"நேத்து ராஜினாமா லெட்டர் பிரிண்ட் குடுத்தேன். வரல. நாலு தபா குடுத்தேன். பாத்தா பேப்பரே இல்ல. கம்ப்யூட்டர ஆஃப் பண்ணிட்டு வந்துட்டேன்."

"அப்போ அழிஞ்சிருக்கும்ல?"

"அதான் இல்லியாம். பிரிண்ட் சர்வர்னு தனியா ஒண்ணு வெச்சிகிறாங்க. அஞ்சு பேருக்கும் ஒரே பிரிண்டர். யாரு அனுப்பினாலும் அது வாங்கி வரிசையா வெச்சிகினு, பேப்பர் போட்டதும் ஒண்ணொண்ணா அடிக்குமாம். நம்ம கம்ப்யூட்டர ஆஃப் பண்ணாலும் மறக்காதாம்."

"நல்ல மிஷினா இருக்குதே! பேப்பர் யாரு போடுவாங்க?"

"மொதலாளிதான். காலைல சாமி படத்துக்குப் பூ வெச்சிட்டு, பிரிண்டருக்கும் ஒரு பூ வெச்சி, அவரு கையாலதான் போடுவாரு. நான் சேரலாம்னு இருக்கிற செய்யாறு கம்பெனில எனக்கு இன்னும் வேலையே உறுதியாவலடி."

"ஜல்தியா போய் எடுத்துடு."

அதற்குள் அவள் போன் அடித்தது. எதிர்முனைக் குரல் எனக்கே கேட்டது.

"ஏம்மா, போறது நீ ஒருத்திதான? எதுக்கு நாலு லெட்டர்?"